கடைசி வரிசைத் தமிழன்

(படூரில் பள்ளி மாணவர்க்கென நடைபெற்ற ஒருநாள் தமிழ் அரங்கில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

‘இளையோரும் இனவுணர்வும்’ என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இத்தலைப்பில் பேசுவது எளிது. தமிழின் தொன்மையைச் சொல்லலாம், மூவேந்தர் கொடி பறந்த நிலங்களை எண்ணிக் காட்டலாம், நீங்களும் கைதட்டுவீர்கள், நானும் துண்டைத் தோளிற் போட்டுக்கொண்டு மாலைப் பேருந்தில் ஊர் திரும்பலாம். அப்படிப்பட்ட உரைகள் பலவற்றை ஆற்றியவன்தான் நான். ஆனால், இன்று அதைச் செய்ய என் நெஞ்சு இடந்தரவில்லை. ஏனெனில், இத்தலைப்பைக் கேட்டவுடன் என் நினைவுக்கு வந்தவன் சேரனல்லன், சோழனல்லன், பாண்டியனுமல்லன். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகட்குமுன் என் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பதினைந்து அகவைச் சிறுவன் ஒருவன். அவன் பெயரும் வேண்டா. அப்பள்ளியின் பெயரும் வேண்டா. நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை நீங்கள் அறிவீர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது பாடியது. நாம் இன்று அமர்ந்திருக்கும் இத்தொண்டை நாட்டின் பழைய வாழ்வை அதுபோற் காட்டும் நூல் பிறிதொன்றில்லை. அதில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. எயிற்றியர், இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, புழுதியில் மூழ்கி, புல்லரிசி திரட்டி வருகின்றனர். நிலவுரலில் அதைக் குற்றி, உவர்நீரை உலையிலேற்றிச் சமைத்து, வழிப்போக்கனாகிய பாணனுக்கும் அவன் சுற்றத்திற்கும் தேக்கிலையில் வயிறார இடுகின்றனர். ‘இல்லாமையிலும் ஈகை! இதுவே தமிழர் மாண்பு! இவர்களே நம் முன்னோர்!’ என்று நான் வகுப்பில் முழங்கிக்கொண்டிருந்தேன்.

அப்பொழுது முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, பின்னே கைகாட்டி, “ஐயா, அவன் அம்மாவும் அப்படித்தான் எலிவளை தோண்டி நெல் எடுக்கிறாள்” என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. நான் என்ன செய்தேன்? அதட்டவில்லை. “ஆம், அந்தத் தாயும் இந்தப் பாட்டில் வரும் தாயைப் போன்றவளே, எழுந்து நின்று பெருமையோடு சொல்லடா தம்பி” என்று அவனை எழுப்பவுமில்லை. நானும் முறுவலித்தேன், அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன்.

அடுத்த கிழமை அந்தச் சிறுவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்குப் பின்னரும் வரவில்லை. தேடிச் சென்றபோது செங்கற்சூளை ஒன்றில் தன் தந்தையோடு மண் மிதித்துக்கொண்டிருந்தான். அவன் இருளர் குடியிற் பிறந்தவன். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட எயிற்றியைப் போற்றிய என் வாய், கண்முன்னே வாழ்ந்த ஒரு தாயின் மகனைக் காப்பாற்றவில்லை. இருளரே பண்டை எயினர் என்று நிறுவுதற்கு நான் இங்கு வரவில்லை. அஃது ஆராய்ச்சியாளர் வேலை. என் கேள்வி வேறு. எந்தச் செயலை நூலிற் படிக்கும்போது பெருமையென்கிறோமோ, அதே செயலை அடுத்த தெருவிற் காணும்போது இழிவென்கிறோமே, அந்த நெஞ்சில் இருப்பது இனவுணர்வுதானா?

இனவுணர்வைப் பற்றிய அரங்கில் இதனை ஏன் சொல்கிறேன் என்று தோழர்கள் சிலர் எண்ணக்கூடும். ‘நமக்குப் பகை வெளியே இருக்க, உள்ளே இருக்கும் குறையைப் பேசலாமா?’ என்றும் கேட்கக்கூடும். அவர்கட்கு ஈழத்து வரலாறே விடை சொல்லும்.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் பல்லாயிரவரை, அவர்கள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராக்கிற்று. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. அன்று வடக்கிலும் கிழக்கிலும் நன்னிலையிலிருந்த தமிழர் அனைவரும் கொதித்தெழுந்தனரா? இல்லை. மலையகத்தானைத் ‘தோட்டக்காட்டான்’ என்று தமிழனே இகழ்ந்த காலம் அது. தமிழ்த் தலைவருள்ளும் சிலர் அரசின் பக்கமே நின்றனர். அதனைப் பொறாத செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். இன்று மலையகத்தார்க்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என அவர் எச்சரித்தார்.

நாளை வந்தது. 1956இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1971இல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தரப்படுத்துதல் வந்தது. மருத்துவம் பயில, சிங்களத்தில் எழுதிய மாணவனுக்கு 400க்கு 229 மதிப்பெண் போதும். தமிழில் எழுதிய மாணவனுக்கு 250 வேண்டும் என்றாயிற்று. இருபத்தொரு மதிப்பெண்! இரவெல்லாம் விளக்கெரித்துப் படித்த பதினெட்டு அகவை இளைஞன், தான் யார் என்பதை அந்த இருபத்தொரு மதிப்பெண்ணில் அறிந்துகொண்டான். அதன் பின் நடந்தவை உலகறிந்தவை.

பிள்ளைகளே, இந்த ஆண்டுகளை வரிசையாக நினைவிற் கொள்ளுங்கள்: 1948, 1956, 1971. கடைசி வரிசைத் தமிழனின் வீட்டில் பற்றிய தீயை ஏனையோர் எட்ட நின்று பார்த்தனர். எட்டே ஆண்டுகளில் அஃது அவர்கள் கூரைக்கு வந்தது. ஓரினத்தின் வலிமை அதன் முன்வரிசையில் இல்லை. கடைசி வரிசையில் இருக்கிறது.

மலையகத்தாரின் துயரம் அத்தோடும் முடியவில்லை. 1964இல் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை ஏற்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்று மாந்தரை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிப் பிரித்தனர். தாய்த்தமிழகம் வந்து சேர்ந்த அம்மக்களை நாம் என்னவென்று அழைத்தோம்? ‘சிலோன்காரர்’ என்றோம். அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். தமிழன் என்று அவனை அழைக்க இரண்டு கரையிலும் வாய் வரவில்லை. இவ்வகையில் ஈழத்தை மட்டும் பழிக்க நமக்கு வாயில்லை.

இனி, இளையோர் உள்ளத்திற்கு வருவோம். பதின்மூன்று அகவை முதல் பத்தொன்பது வரையுள்ள பருவம் ‘நான் யார்?’ என்னும் கேள்வி எழும் பருவம். பெரும்பான்மையிற் பிறந்த பிள்ளைக்கு அக்கேள்வி மெல்ல எழும். சிறுபான்மையிற் பிறந்த பிள்ளைக்கோ, அக்கேள்வியைப் பிறர் முந்திக்கொண்டு, இகழ்ச்சியாகக் கேட்டுவிடுகின்றனர். அப்பொழுது அவன் முன் இரண்டு வழிகள் தோன்றுகின்றன: ஒன்று, தன்னை மறைத்துக்கொள்வது, மற்றொன்று, தலைநிமிர்ந்து தன் பெயரைச் சொல்வது. இவ்விரண்டு வழியிலும் நடந்து பார்த்த ஒருவர் நம் செங்கற்பட்டு மண்ணிலேயே பிறந்திருக்கிறார். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்.

கோவையில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோரெல்லாம் பார்ப்பனப் பிள்ளைகள் என்று அவரே எழுதியுள்ளார். ஊரும் குலமும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவரே என்று அஞ்சி, மணியடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே இருந்து படிப்பாராம். மணியடித்தபின் உள்ளே செல்வாராம். வகுப்பு முடிந்ததும் பிறர் நெருங்குமுன் வீட்டிற்கு விரைவாராம். விளையாட வேண்டிய பருவத்தில் விளையாட்டை இழந்தார். எண்ணிப் பாருங்கள்! அவர் நாவிலிருந்ததும் தமிழ்தான். சுற்றி நின்றவர் நாவிலிருந்ததும் தமிழ்தான்.

அந்த அஞ்சிய சிறுவனே 1893இல் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு என்ன பெயரிட்டார் தெரியுமா? ‘பறையன்’ என்று பெயரிட்டார். எந்தச் சொல்லைக் கேட்டுவிடக் கூடாதென்று மணியோசைக்காகக் காத்து நின்றாரோ, அந்தச் சொல்லையே கொட்டை எழுத்தில் அச்சிட்டு ஊரறிய விற்றார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து தம் மக்கட்கு உரிமை கேட்டார். மறைத்த பெயர் சுமையாயிற்று; உரக்கச் சொன்ன பெயர் படைக்கலமாயிற்று. அவர் காலத்தவராகிய அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கி, அடுத்த ஆண்டே அதனைத் ‘தமிழன்’ என்றாக்கினார். தமிழன் என்னும் பெயரை ஓரிதழின் நெற்றியில் முதலில் எழுதியவருள் ஒருவர், ஊர்த்தெருவில் நடக்கவும் தடைசெய்யப்பட்ட குடியில் வந்தவர் என்பதை நம் இயக்கம் என்றும் மறக்கலாகாது.

அச்சம் துணிவாக மாறுவதற்கு இடையில் என்ன நிகழ்கிறது? என் பட்டறிவில் இரண்டு நிகழ வேண்டும். தன் முன்னோர் வரலாறு அவனுக்குத் தெரிய வேண்டும். தனக்குரிய உரிமை இன்னதென்றும் தெரிய வேண்டும். வரலாறு மட்டும் தெரிந்தால் வெறும் பெருமை பேசுவான். உரிமை மட்டும் தெரிந்தால் தனக்கு மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுவான். இரண்டும் கூடினால்தான் பிறர்க்காகவும் எழுந்து நிற்பான். அதனையே நாம் குமுக நயன்மை உணர்வு என்கிறோம்.

இதற்குக் கடல்கடந்த நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், 1955 மார்ச்சு 2ஆம் நாள், கிளாடெட் கால்வின் என்னும் பதினைந்து அகவைக் கறுப்பினச் சிறுமி, பேருந்தில் வெள்ளையர்க்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்தாள். காவலர் அவளை இழுத்துச் சென்றனர். அத்துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு முன் பல நாள்கள் அவள் பள்ளியில் கறுப்பின மக்களின் வரலாற்றைப் படித்திருந்தாள். அடிமைத்தளையை எதிர்த்து நின்ற தன்னினப் பெண்கள் தன் தோள்களை அழுத்தி எழவிடாமற் செய்ததுபோல் உணர்ந்ததாக அவள் பின்னாளிற் சொன்னாள். வகுப்பறையிற் கேட்ட பாடம் பேருந்தில் உயிர்பெற்றது!

ஆயினும், அவ்வியக்கத்தின் மூத்தோர் அவளை முன்னிறுத்தத் தயங்கினர். அவள் ஏழை, அகவையிற் சிறியவள், ஊரார் மதிக்கும் தோற்றம் அவளுக்கில்லை என்று கருதினர். ஒன்பது திங்கள் கழித்து ரோசா பார்க்சு அம்மையார் அதே செயலைச் செய்தபோதுதான் இயக்கம் எழுந்தது. ஆனால், 1956இல் பேருந்துப் பிரிவினையை ஒழித்த வழக்கில், வழக்குத் தொடுத்த நான்கு பெண்களுள் அந்தச் சிறுமியும் ஒருத்தி. ஆகவே தோழர்களே, நாமும் நம் மேடைக்கேற்ற தோற்றமுடைய பிள்ளைகளையே தேடிக்கொண்டிருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்பொழுது மீண்டும் படூருக்கு வருவோம். இச்சாலையின் இருமருங்கும் இன்று கண்ணாடி மாளிகைகள். சிறுசேரியில் கணிப்பொறி நிறுவனங்கள். கழியைக் கடந்தால் கோவளம். தெற்கே சென்றால் வடநெம்மேலி. அங்கே 1978இல் அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் கறந்து தருபவர் அம்மக்கள். நாடெங்கும் பாம்புக்கடிக்கு ஊசிமருந்து செய்யும் நிறுவனங்கட்கு நஞ்சின் பெரும்பகுதி நெடுங்காலம் இங்கிருந்தே சென்றது. வயலிற் கடிபட்ட உழவன் பிழைத்தெழுகிறான் என்றால், அவனுடலில் இருளர் கைத்திறனும் ஓடுகிறது. 2023இல் செங்கற்பட்டு மாவட்டத்து இருளராகிய வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர்க்கு இந்திய அரசு பத்மசிறீ விருது அளித்தது. ஆண்டுதோறும் மாசி முழுநிலவில் மாமல்லபுரக் கடற்கரையில் அம்மக்கள் பல்லாயிரவர் கூடி, மணலிற் குடில் கட்டி, கன்னியம்மனை வழிபட்டு, திருமணமும் முடித்துச் செல்வர். பல்லவன் சிற்பத்தைப் பார்க்க ஊர்தியேறிச் செல்லும் நாம், அந்த உயிருள்ள விழாவை ஒருமுறையேனும் சென்று கண்டோமா?

விருது இருவர்க்குக் கிடைத்தது. ஆனால், அக்குடியின் பிள்ளைகட்கு இன்றும் தேவைப்படுவது ஒரு தாள். பழங்குடிச் சான்றிதழ் என்னும் ஒரே ஒரு தாள். ஏனைய வகுப்பார்க்கு வட்டாட்சியர் அளவிற் சான்று கிடைத்துவிடும். பழங்குடியினர்க்கோ கோட்டாட்சியர் வழங்க வேண்டும். பெற்றோர்க்குச் சான்று உண்டா என்பர். பெற்றோர் பள்ளியையே பார்த்தறியாதவர், நிலையான வீடில்லாதவர், முன்பணம் வாங்கிக்கொண்டு சூளையிலும் அரிசி ஆலையிலும் மாறிமாறி வாழ்ந்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனால், அதன் பின்னரும் இப்பகுதியில் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுள் இருளரே மிகுதி. அவர்கள் எந்தத் தாளைக் காட்டுவர்? சான்றில்லையேல் உதவித்தொகை இல்லை. கல்லூரியில் ஒதுக்கீடு இல்லை. பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறான்.

நான் இழந்த அச்சிறுவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். நன்றாகப் படிப்பவள். அண்ணனுக்குச் செய்யத் தவறியதை அவளுக்கேனும் செய்வோம் என்று அவளையும் அவள் தாயையும் அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றேன். அங்கிருந்தவர் தாளைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்தார். “இருளச்சி என்கிறாயே, பாம்பு பிடிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிற்று. அப்பெண்ணோ அமைதியாக, “தெரியாதுங்கய்யா. கணக்கு தெரியும்” என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை. சான்று அன்று கிடைக்கவில்லை. பதினொரு முறை நடந்தபின், ஏழாந்திங்களிற் கிடைத்தது. இன்று அவள் ஒரு பள்ளியிற் கணக்கு ஆசிரியை.

ஆனால், அவள் அண்ணன் திரும்பி வரவில்லை. அவன் இன்னும் சூளையில்தான் இருக்கிறான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியும், அவனை நினைக்கும்போதெல்லாம் நாணமும் எனக்கு ஒருங்கே வருகின்றன. ஈழத்து மாணவனுக்கு இழைத்த இருபத்தொரு மதிப்பெண் கொடுமையைப் பற்றி எத்தனையோ மேடைகளிற் பேசியிருக்கிறேன். அது பேச வேண்டியதே. ஆனால், ஒரு தாளுக்காக ஏழு திங்கள் நடக்கும் தமிழச்சியைப் பற்றி எத்தனை மேடையிற் பேசினேன்? கொழும்பு செய்தால் கொடுமை. நாம் செய்தால் நடைமுறையா?

வெறுங்குறை கூறிச் செல்ல நான் விரும்பவில்லை. செய்யக்கூடிய மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தோழர்கட்கு. நம் கிளை இருக்கும் ஒவ்வோர் ஊரிலும், ஆறாம் வகுப்பிற் சேரும் பழங்குடிப் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வேளையில் ஓடுவதால் பயனில்லை. ஆறாம் வகுப்பிலேயே குடும்ப அட்டை, ஆதார், உறவினர் எவர்க்கேனும் உள்ள சான்று ஆகியவற்றைத் திரட்டி, விண்ணப்பத்தை இணையவழியிற் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துவைத்து, கோட்டாட்சியர் கையெழுத்திடும் வரை உடன் நடங்கள். ஒரு கூட்டத்திற்கு ஒலிபெருக்கிக்கு ஆகும் செலவில் பத்துப் பிள்ளைகட்குச் சான்று பெற்றுவிடலாம்.

இரண்டாவது, என்போன்ற ஆசிரியர்க்கு. குறிஞ்சியையும் முல்லையையும் நெய்தலையும் நடத்தும் நாளில், மூலிகையறிந்த இருளர் மூதாட்டி ஒருவரையும், கடலறிந்த மீனவர் ஒருவரையும் வகுப்பிற்கு அழைத்து வாருங்கள். நாற்காலியிட்டு அமர்த்துங்கள். நாம் மாணவரோடு தரையில் அமர்வோம். தன் பாட்டியை ஆசிரியர் ‘அம்மா’ என்றழைத்து வணங்குவதைக் கண்ட பிள்ளை ஒருநாளும் தன் குடியை மறைக்கமாட்டான்.

மூன்றாவது, பிள்ளைகளே, உங்களுக்கு. உங்கள் பெற்றோர் உங்கட்குத் தூய தமிழ்ப்பெயர் இட்டிருக்கின்றனர். மகிழ்ச்சி. பெயரைத் தமிழாக்கிவிட்டோம், பிறரை அழைக்கும் முறையைத் தமிழாக்கினோமா? ஒருவனைக் குலப்பெயர் சொல்லி இகழும் வாய், எத்துணைத் தூய தமிழ் பேசினாலும் தூய வாய் ஆகாது. வகுப்பில் ஒரு சிரிப்பு எழும்போது, அதில் கலவாதிருக்க ஒருவனுக்குத் துணிவு வேண்டும். ‘நிறுத்து’ என்று சொல்ல இன்னும் மிகுந்த துணிவு வேண்டும். அன்று என் வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஒருவர் சொல்லியிருந்தாற் போதும். அந்த ஒருவராக நானும் இல்லை.

இங்கு வந்திருப்போருள் கடைசி வரிசையிலிருந்து வந்த பிள்ளைகளும் சிலர் இருக்கக்கூடும். அவர்கட்குத் தனியே ஒரு சொல். உன் தாய் தோண்டும் கோலும், உன் தந்தை வீசும் வலையும், உன் பாட்டி அறிந்த பச்சிலையும் இம்மண்ணின் மிகப் பழைய படிப்புகள். அவற்றைச் சொல்ல நாணாதே. அதனோடு நின்றுவிடாதே, அந்தப் பெண் சொன்னதுபோல், கணக்கையும் கற்றுக்கொள்.

நாளைக் காலை பள்ளிக்குச் செல்வீர்கள். மணியடித்தவுடன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கடைசி வரிசையில் யார் தனியே அமர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவருடைய பெயரைக் கேளுங்கள்; உங்கள் பெயரைச் சொல்லுங்கள்; உங்கள் பையை எடுத்துக்கொண்டு போய் அருகில் அமருங்கள். தமிழினம் அங்கிருந்துதான் எழ வேண்டும்.

வாழ்க தமிழ்! வெல்க நயன்மை!